பித்தளை சிவந்தால்...

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் போர்ட் கிள்ளானில் படகு பழுது பார்க்கிறான். சென்ற பள்ளி விடுமுறையின்போது பழைய பாய்மரப் படகு ஒன்றின் உள்ளறையைக் காட்டினான். அதற்கு நம் லயத்து அடுப்படியே விசாலம்!

படுக்கைக்கு அடியில் ஒரு சிறு கதவு. இழுத்தேன், அசையவில்லை. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"கடல்நீர்க் குழாயின் அடைப்பான், சார். குழாய் பிய்ந்தால் உடனே அதை மூட வேண்டும். இல்லாவிட்டால் படகு மூழ்கிவிடும்."

நான் நெம்புவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அவன் சிரித்துக்கொண்டே கீலிலிருந்த திருகாணியைச் சுரண்டிக் காட்டினான். பித்தளை, ஆனால் மஞ்சளாக இல்லை. செம்பு போலச் சிவந்திருந்தது.

வாசகர்களே, பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புநீர் துத்தநாகத்தை நாளடைவில் அரித்துவிடுகிறது. மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்புதான். பார்வைக்கு முழுத் திருகாணி. பலமாக முறுக்கினால் தலை ஒடிந்து கையோடு வந்துவிடும்.

அவன் முதலில் திருகாணித் தலையின் வெட்டில் படிந்திருந்த பழைய வார்னிஷை ஊசியால் நோண்டி எடுத்தான். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தலைமேல் சற்று வைத்தான். ஆறிய பிறகு, வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, அப்புறம்தான் தளர்த்தினான். ஆறில் ஐந்து கழன்றன. ஒடிந்த ஒன்றைச் சுற்றிலும் மரத்தைக் குடைந்து எடுத்து, துளையில் மரமுளை அடித்தான். திரும்பப் பூட்டுவதற்குச் சிலிக்கன் வெண்கலத் திருகாணிகள் வைத்திருந்தான். அவற்றில் துத்தநாகம் மிகக் குறைவு.

கதவு திறந்தது. அடைப்பானின் கைப்பிடியும் இறுகித்தான் கிடந்தது. நான் கையை நீட்டினேன்.

"வேண்டாம் சார்! அது உடைந்தால் கடல் உள்ளே வந்துவிடும். படகைக் கரையேற்றிய பிறகுதான் அதைத் தொடணும்."