குடல் அழற்சி நோயாளிக்குப் பேருந்து நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாள்பட்ட குடல் அழற்சி நோய் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எங்கு வேண்டுமானாலும் வருவது குரோன் நோய். இரண்டிலும் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தடம்மாறிக் குடலைத் தாக்குகிறது. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும்; மருந்துக்கு அடங்கும், அடியோடு தீராது. நம் ஊரில் முதலில் மூலம் என்றோ சூடு என்றோ வீட்டு வைத்தியம் நடக்கும். குரோன் நோய் குடல் காசநோயைப் போலவே தோற்றமளிப்பதால், காசநோய்க்கான மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியவர்களும் உண்டு.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் நோயாளி எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருவார். தீவிரமாகும்போது ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேலும், இரவில் தூக்கத்தைக் கலைத்தும், இரத்தமும் சளியுமாகப் போகும். மலக்குடல் வீங்கிப் புண்பட்டிருப்பதால் மலத்தைத் தேக்கி வைக்கும் திறனே அதற்கு இருக்காது. உணர்வு வந்த சில நிமிடங்களில் கழிப்பறை கிடைத்தாக வேண்டும். மன உறுதியால் அடக்கிவிடக்கூடியதல்ல இது.

தமிழ்நாட்டின் பொதுப் போக்குவரத்து இந்தச் சில நிமிடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இப்படிப்பட்ட தடங்களில்கூடப் பெரும்பாலான பேருந்துகளில் கழிப்பறை கிடையாது. வண்டியை நிறுத்தக் கேட்டால், "மோட்டல் வந்துரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பதே நடத்துநரின் பதில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதற்கு அஞ்சியே பலர் முதல் நாள் மதியத்திலிருந்து பட்டினி கிடந்து வண்டி ஏறுகிறார்கள். ஏற்கெனவே இரத்தசோகையும் எடைக்குறைவும் உள்ள உடம்பு அது.

பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையில் சில்லறை கொடுத்தால்தான் வழிவிடுவார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. பெருங்குடலை அகற்றிய சிலருக்கு வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தியிருப்பார்கள். அதை நாளுக்குப் பல தடவை காலி செய்து கழுவ வேண்டும். மாற்றுப் பையை வைக்க ஒரு பலகையோ, துணியை மாட்ட ஒரு கொக்கியோகூட அங்கே இல்லை என்பது கொடுமை.

சட்டமும் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக உயர்த்தியது. ஹீமோஃபீலியா, தலசீமியா போன்ற, வெளியே தெரியாத இரத்த நோய்களும் அதில் இடம்பெற்றன. அது சரியான முடிவு. குடல் அழற்சி நோய் விடுபட்டது. புதிய வகைகளை மத்திய அரசு அறிவிக்கை மூலமே சேர்க்க அந்தச் சட்டத்தின் அட்டவணை இடம் தருகிறது. அப்படியிருந்தும் சேர்க்காமல் இருப்பதற்கு நியாயம் ஏதும் தென்படவில்லை.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், குரோன் நோயுள்ள ஆலி பெய்ன் என்ற 14 வயதுச் சிறுமிக்கு ஒரு கடையின் ஊழியர் கழிப்பறை மறுக்கப்பட்டது. அவரும் அவருடைய தாயும் போராடியதால், இத்தகைய நோயாளிகளுக்குக் கடைகள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்ற சட்டம் 2005இல் அங்கே வந்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

இங்கே அப்படியொரு சட்டம் வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை உள்ளன. அரசு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவு நோயாளிக்கு ஓர் அடையாள அட்டை வழங்கலாம். அதைக் காட்டினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று போக்குவரத்துக் கழகங்கள் சுற்றறிக்கை அனுப்பலாம். பேருந்து நிலையங்களில் அந்த அட்டைக்குக் கட்டணமும் வரிசையும் கூடாது. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையைப் பூட்டி, சாவியை முதலாளியின் மேசைக்குள் வைத்திருக்கும் வழக்கத்தை மாவட்ட நிர்வாகங்கள் நேரில் சோதித்து நிறுத்த வேண்டும், இரவிலும்.

இப்படிக்கு,
வாசகர்,
விருதுநகர்.