வென்றவரின் வயலுக்கு யார் காவல்?

நிலத் தாவாவில் தீர்ப்பு வருகிறது. சில நாள் கழித்து, வென்றவரின் தோட்டத்தில் மோட்டார் வயர் அறுபட்டுக் கிடக்கிறது. அல்லது வைக்கோல் படப்பு எரிகிறது. வரப்போரத் தென்னங்கன்றுகள் ஒரே இரவில் வெட்டுப்படுகின்றன. கோர்ட் சொல்லித் திறந்துவிட்ட வண்டிப் பாதையில் மறுபடியும் முள் விழுகிறது. செய்தது யார் என்று ஊருக்குத் தெரியும். சாட்சி சொல்லத்தான் ஆள் இருக்காது. காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்கோங்க" என்பார்கள். கோர்ட்டுக்குப் போனால் புதிதாக ஒரு மனு, புதிதாக ஒரு வாய்தா.

விருதுநகர் மாவட்டத்தின் வடகிழக்கில், மதுரை-அருப்புக்கோட்டை சாலையில் இருக்கும் காரியாபட்டி வட்டாரத்துக்கு இது புதிய கதையல்ல. மழையையும் கண்மாயையும் நம்பிய சீமை இது. ஒரு கிணற்றில் பங்கு, ஒரு பாதை, ஒரு முழ வரப்பு ஆகியவற்றை வைத்தே இங்கே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் நிர்ணயமாகிறது. தாவா தலைமுறை தாண்டுவதும், தோற்றவரின் ஆத்திரம் எதிராளியின் கிணற்றையும் பயிரையும் தேடிப் போவதும் இதனால்தான்.

இந்தச் சேதத்தைச் சில்லறைத் தகராறாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தீர்ப்பு கொடுத்ததை ராத்திரியோடு ராத்திரியாகப் பறிப்பதற்கான வழி இது. வழக்கில் வென்றவர் தன் நிலத்தில் பயமில்லாமல் உழும்வரை அந்த வழக்கில் அரசின் வேலை முடியவில்லை.

மாவட்டம் கண்ட பெருந்தீ

வழக்கின் ஆத்திரம் எதிராளியின் சொத்தைத் தேடிப் போவதை இந்த மண் பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி அவர்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார். சிவகாசியிலும் கோயில் நுழைவை ஒட்டி அதே காலத்தில் பூசல் முற்றியிருந்தது. கமுதி வழக்கு மதுரை சார்பு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொள்ளை பரவியது. அடுத்த மாதம் வந்த தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக அமைந்தது. உயர் நீதிமன்றமும், 1908-இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தன.

அத்தனை வீடுகளை எரித்தும் பிரச்சினை தீரவில்லை. மேல்முறையீடுகள் முடிந்தும் தீரவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினரையும் விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதில் பங்கெடுத்தவர்கள்மேல் வழக்குகள் பாயும் என்பது ராஜாஜி அரசுக்குத் தெரிந்திருந்தது. அதனால் முதலில் அவசரச் சட்டமும், அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அங்கீகார, பாதுகாப்புச் சட்டமும் வந்தன. உரிமையைக் கொடுத்ததோடு அரசு நிற்கவில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தியவருக்குக் கேடு வராமல் காப்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. கிராமத்தில் நிலத் தாவா ஜெயித்தவருக்கு இன்று கிடைக்காதது இந்த இரண்டாவது பகுதிதான்.

ஒரு லட்ச ரூபாய்க் கோடு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவு சொத்துச் சேதத்தைப் பற்றியது. சேதம் 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டுவரை சிறை. ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டுவரை. தண்டனைக் காலத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்குக் குறைவான சேதம் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை நடத்த முடியாது. லட்சத்தைத் தொட்டால் அந்த உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸே வழக்குப் பதிந்து விசாரிக்கலாம்.

ஆக, வெட்டுப்பட்ட பத்துத் தென்னைகளின் விலை என்ன என்ற கேள்விதான் வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அந்த விலையை முதலில் போடுபவர் பெரும்பாலும் புகாரை வாங்கும் காவலர். காய்க்கத் தொடங்கிய தென்னையை விறகு விலைக்குக் கணக்கிட்டால் சேதம் சில ஆயிரம் ரூபாய்தான். இனிமேல் அது தந்திருக்கக்கூடிய காய்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொகை எங்கேயோ போய் நிற்கும். பூவெடுத்த பருத்திக்குச் சந்தை விலையே கிடையாது. ஆனால் விதை, உரம், உழவுக்கூலி எல்லாம் அதற்குள் இறங்கிவிட்டன.

ரூபாய்க் கணக்கு தேவைப்படாத பிரிவுகளும் இருக்கின்றன. 326-வது பிரிவின்படி, விவசாயத்துக்கான தண்ணீர் குறையும்படி எந்தச் செயலைச் செய்தாலும் 5 ஆண்டுவரை சிறை. தீ வைத்து விளைபொருளை நாசம் செய்தால் 7 ஆண்டுவரை. குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனைவரை. மோட்டார் வயரை அறுத்தவர் அறுத்தது சில மீட்டர் வயரை மட்டுமல்ல, பயிருக்குப் போகும் தண்ணீரை. புகாரில் அதை அப்படியே எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, செய்தவர் அப்படி இல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு பயிரை அழிப்பதையும் பாசன வசதியில் குறுக்கிடுவதையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்ந்த இந்த வரிகள் ஊருக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை.

சுருண்ட இலைக்குச் சாட்சி எங்கே?

வெட்டுக்கும் தீக்கும் தடயம் மிஞ்சும். களைக்கொல்லிக்கு அதுவும் மிஞ்சாது. 2,4-டி என்ற களைக்கொல்லி சோளத்தைப் பெரிதாகப் பாதிக்காது. பருத்தியைச் சிறிதளவு பட்டாலே சிதைத்துவிடும். இரவில் யாரோ தெளித்துவிட்டுப் போனால் விடிந்ததும் பார்க்க எதுவும் தெரியாது. சில நாளில் கொழுந்து இலைகள் அகலம் குறைந்து, நரம்புகள் நெருங்கி, விரல்விரலாகப் பிரிந்து சுருளும். பூ உதிரும். அதற்குள் காலடித் தடம் அழிந்திருக்கும். பார்க்க வருபவர், "ஏதோ நோய் விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலையை அறிந்த வேளாண் அலுவலர் ஒருவர் அன்றே வந்து பார்த்து, மாதிரி எடுத்து அனுப்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இந்தத் திறமை அரசிடம் இல்லாமலில்லை. வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் சேர்ந்து வயல் வயலாகக் கணக்கெடுக்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை சதவீதச் சேதம் என்று எழுதுகிறார்கள். மழை அழித்த பயிரை அளக்கத் தெரிந்த அரசுக்குப் பகை அழித்த பயிரை அளக்கவும் தெரியும். அந்த வேலையை யாரும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் எதிர்ப்புகார். சேதம் செய்தவர், "என்னைத்தான் அடித்தார்கள்" என்று முந்திக்கொண்டு ஒரு புகார் கொடுப்பார். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, இனி பிரச்சினை செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவது வசதியான முடிவாகிவிடுகிறது. அப்படி எழுதிக் கொடுத்த தாளில் அறுபட்ட மோட்டார் வயருக்கு ஈடு பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஊர் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: வெட்டினால் ஒன்றும் ஆகாது.

டிகிரி கைக்கு வந்த பிறகும்

சிவில் பக்கம் நிலைமை இன்னும் மந்தம். டிகிரி (தீர்ப்பாணை) வாங்கியவர் அதை நடைமுறைக்குக் கொண்டுவர மறுபடியும் நிறைவேற்று மனு போட வேண்டும். இந்த மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற, 1980-களில் தொடங்கிய ஒரு நில வழக்கில் 2025 மார்ச்சில் அதையே மீண்டும் சொல்லி, நாடு முழுவதும் கணக்கெடுக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கணக்கின்படி நிலுவையில் இருந்த நிறைவேற்று மனுக்கள் 8.82 லட்சம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 86,000-க்கும் மேல். வென்றும் அனுபவிக்க முடியாதவர்களின் எண்ணிக்கை இது. மனு இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் தோற்றவருக்கு மிரட்டிப் பார்ப்பதற்குக் கிடைக்கும் அவகாசம்.

காரியாபட்டிக்காரருக்கு இதில் தூரமும் சேர்கிறது. மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைவிடப் பக்கம். ஒரு நாள் வாய்தா என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வக்கீல் செலவும் போய்விடும்.

நீதிமன்றத்தின் கையில் ஆயுதம் இல்லை என்று சொல்ல முடியாது. தடை உத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். 3 மாதம்வரை சிவில் சிறையில் வைக்கலாம். வக்கீல் கமிஷனரை அனுப்பி நிலத்தின் நிலையைப் பதிவுசெய்யலாம். போலீஸ் பாதுகாப்புக்கு உத்தரவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வென்றவர்தான் மறுபடி படியேற வேண்டும்.

பழிக்குப் பழி என்ற குழி

"ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று வழக்காடுவதைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். அலுத்துப்போன மக்கள் கண்ட முடிவு அது. சட்டம் கைவிட்டதாக நினைப்பவர் ஒருநாள் தானும் அரிவாளை எடுத்து எதிராளியின் மரத்தை வெட்டுகிறார். அந்த நிமிடமே அவருடைய பல ஆண்டு வழக்கு வீணாகிறது. அதன்பிறகு போலீஸ் கண்ணில் அவரும் ஒரு குற்றவாளி. இரண்டு தரப்பும் சமம்.

அரசும் அந்தக் குழியில் விழக் கூடாது. கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்தி, அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்ட பிரிட்டிஷ் காலத்து 1861 காவல் சட்டம் வழிசெய்தது. சேதத்துக்கான ஈட்டையும் அப்படியே வசூலிக்க 1895-இல் திருத்தம் வந்தது. செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே வரி. நம் காலத்தில் அது புல்டோசராக மாறியபோது, குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்க முடியாது என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஈடு கட்டாயம் வேண்டும். சேதம் செய்தவரிடமிருந்து, ஆதாரத்தின்பேரில் மட்டுமே அது வர வேண்டும். அவருடைய சாதியிடமோ தெருவிடமோ வசூலிப்பது நியாயமல்ல.

செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவர் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. எதையும் நகர்த்தாமல், தேதி தெரியும்படி படமெடுக்க வேண்டும். மோட்டார் வாங்கிய பில், அடங்கல் நகல், டிகிரி நகல் மூன்றையும் புகாரோடு இணைக்க வேண்டும். வயர் அறுபட்டிருந்தால் மின்வாரிய அலுவலகத்திலும், பயிர் என்றால் வேளாண் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். காவல் நிலையம் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100.

ஆனால் இந்தச் சுமை முழுவதும் அவர் தலையில் இருக்கக் கூடாது. கைகலப்புக்கு வாய்ப்புள்ள நில வழக்குகளில் தீர்ப்பின் நகலை நீதிமன்றமே காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். மிரட்டல் புகார் வந்தால் சேதம் நடக்கும்வரை காத்திராமல் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க வேண்டும். சேதம் நடந்தால் 2 நாளுக்குள் வருவாய், வேளாண், மின் துறையினர் கூட்டாகப் பார்வையிட்டு மதிப்பீட்டுச் சான்று தர வேண்டும். காவல் நிலையம் அந்தத் தொகையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்டனை விதிக்கும் நீதிமன்றம் இழப்பீடும் சேர்த்து விதிக்க நடைமுறைச் சட்டத்தின் 395-வது பிரிவு இடம் தருகிறது. அது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும்.

போராட்டத்தில் உடைந்த பஸ்ஸுக்கும் அரசுக் கட்டடத்துக்கும் ஈடு வசூலிக்க உத்தரப் பிரதேசம் 2020-இலும் ஹரியானா, மத்தியப் பிரதேசம் 2021-இலும் தனித் தீர்ப்பாயங்களுக்குச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 1992-லேயே பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, 1994-இல் தனியார் சொத்துக்கும் அதை விரித்தது. தன் பஸ் கண்ணாடி உடைந்தால் இவ்வளவு வேகம் காட்டும் அரசு, தன் நீதிமன்றத்தை நம்பி வந்த ஒரு விவசாயியின் மோட்டார் உடைந்தால் "சிவில் மேட்டர்" என்று ஒதுங்குவதில் எந்த நியாயமும் இல்லை. அந்த விவசாயி அரிவாளை எடுக்காமல் மனுவை எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் வைத்த நம்பிக்கைக்கு அரசு கொடுக்க வேண்டிய பதில், அறுபட்ட வயருக்கு ஈடும் அறுத்தவருக்கு வழக்கும்தான். காரியாபட்டியில் ஒரே ஒரு வழக்கில் அது நடந்தாலும் போதும். அடுத்தமுறை இரவில் வயலில் இறங்க நினைப்பவர் யோசிப்பார்.