போன வருஷக் கணிப்பை முதலில் காட்டுங்கள்

2025 அக்டோபர் 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு கணிப்பை வெளியிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதம் வளரும் என்றது. தேதியைக் கவனியுங்கள். அந்தக் காலாண்டு அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் அரசின் கணக்கு வந்தபோது வளர்ச்சி 8.2 சதவீதம் என்று இருந்தது. ரிசர்வ் வங்கியில் இருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். நேற்று முடிந்ததையே அவர்களால் இவ்வளவுதான் நெருங்க முடிகிறது என்பதுதான் விஷயம். அடுத்த வருஷம் 6.6 வளருமா, 6.8 வளருமா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் சண்டை போடும்போது நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவேன்.

நான் பொருளாதாரம் படித்தவனில்லை. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் தட்டச்சு செய்யும் வேலையில் சேர்ந்து, கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் எங்கள் மேஜைக்குக் கன்டெய்னராக வரும், அல்லது வராது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொருளாதாரம்.

அந்த 8.2 சதவீதக் காலாண்டில் எங்கள் ஊரில் நடந்தது வேறு. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு முதலில் 25 சதவீதம், மாதக் கடைசியில் இன்னொரு 25 என்று வரி போட்டது. இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போவதில் முக்கியமானவை உறைய வைத்த இறாலும் திருப்பூர் பனியனும். இரண்டுக்கும் அடி. இறால் ஏற்றுமதியில் இருக்கும் நண்பர் ஒருவர் பேப்பரைக் காட்டிச் சொன்னார்: “எட்டு சதவீதம் வளந்திருக்காம்ல அண்ணாச்சி. நம்ம பக்கம் வரும்போது வழியில எங்கயோ கழண்டு விழுந்திருச்சு போல.” வரி வரும் என்று ஜனவரியில் எந்த அறிக்கையும் அவரிடம் சொல்லவில்லை. வந்த பிறகும் நாடு 8.2 வளரும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தப்பு.

இதைவிட வேடிக்கை 2020-இல் நடந்தது. சர்வதேச நிதியம் அந்த ஜனவரியில், வரும் நிதியாண்டில் இந்தியா 5.8 சதவீதம் வளரும் என்றது. ஏப்ரலில் அது 1.9 ஆனது. ஜூனில் மைனஸ் 4.5. அக்டோபரில் மைனஸ் 10.3. பின்னால் எல்லாத் திருத்தங்களும் முடிந்து அரசின் கணக்கு சொன்னது மைனஸ் 5.8. ஆக, ஜனவரியில் சொன்ன எண் அச்சு அசலாகச் சரி. முன்னால் இருந்த குறிதான் மாறிவிட்டது! கொரோனாவை யார் கண்டார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஜூனிலும் அக்டோபரிலும் கொரோனா எல்லார் தெருவிலும் இருந்தது. அப்போதும் வீழ்ச்சியை ஒரு தடவை குறைத்துச் சொன்னார்கள், மறு தடவை கூட்டிச் சொன்னார்கள்.

சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் தெருக் கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். இந்த வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், மேகாதிபதி யார், மழை எத்தனை மரக்கால், தானிய விலை ஏறுமா இறங்குமா எல்லாம் அதில் வரும். கேட்டுவிட்டு சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அதை நம்பி யாரும் பேங்கில் கடன் வாங்கியதில்லை. அதை எழுதியவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு போடுவதில்லை.

கணிப்பை நம்பிப் பெரும் பணத்தைக் கொட்டிய கதை ஒன்று எங்கள் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் கடலடியில் முத்துச் சிப்பிப் பார்கள் உண்டு. எல்லா வருஷமும் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்காது. முதலில் பாரைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கி மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் கொடுத்து மதிப்புப் போடுவார்கள். தேறும் என்று பட்டால்தான் அரசாங்கம் அறிவிப்புக் கொடுக்கும். இலங்கைச் சலாபத்தில் குளித்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. அரசின் பங்கைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாமல் விலை கேட்க வேண்டும். அதுவும் கணிப்புதான். ஆனால் ஏலம் கேட்டவர் தன் மடியில் இருந்த காசைப் போட்டுக் கணித்தார். தப்பினால் அவர் மடிதான் காலி.

இலங்கைப் பக்கம் 1892 முதல் 1902 வரை சலாபமே இல்லை. சிப்பி வந்தது, வளர்ந்தது, காணாமல் போனது. காரணம் கண்டுபிடிக்க 1902-இல் இங்கிலாந்திலிருந்து ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தார்கள். துணைக்கு ஜேம்ஸ் ஹார்னெல். ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்து எங்கள் பக்கத்துப் பார்களைப் பற்றியும் விரிவாக எழுதியவர். ஹெர்ட்மன் அறிக்கை ஐந்து பெரிய தொகுதி. நெருக்கமாகக் கிடக்கும் குஞ்சுச் சிப்பியை வேறு பாருக்கு மாற்றலாம், அடியில் கல் பரப்பிச் சிப்பி ஒட்ட வைக்கலாம், இப்படிச் செய்தால் விளைச்சலைச் சீராக்கலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அவர் வந்த நேரமோ என்னவோ, 1903, 1904, 1905 மூன்று வருஷமும் சலாபம் நடந்தது. 1905-இல் கிடைத்தது அதுவரை யாரும் காணாத அளவு: அரசின் வருமானம் மட்டும் 25 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 25 லட்சம்.

அடுத்த வருஷமே, 1906-இல், கொழும்பு அரசாங்கம் பார்களை ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. இருபது வருஷம், வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். அறிக்கையின் கடைசித் தொகுதி அச்சாகி வந்ததும் அதே வருஷம்தான். கம்பெனி 1906-இல் குளித்தது, 1907-இல் குளித்தது. அதோடு சரி. சிப்பி இல்லை. வாடகை மட்டும் இருந்தது. 1912-க்குள் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மறுபடி சலாபம் நடந்தது 1925-இல்.

இதில் ஹெர்ட்மனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சிப்பியைப் படித்தார். மூன்று நல்ல வருஷத்தின் மேல் ஸ்கேலை வைத்து இருபது வருஷத்துக்குக் கோடு இழுத்தவர்கள் பங்கு வாங்கியவர்கள். ஆனால் எனக்கு வியப்பு கொழும்பு அதிகாரிகள் மேல்தான். பதினோரு வருஷம் வெறும் பாரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். விளைச்சல் உச்சத்தில் இருந்தபோது, இதுவே தொடரும் என்று நம்பிய ஆளிடம் சரக்கைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, எப்படியானாலும் அந்த வியாபாரத்தில் கெட்டிக்காரர் விற்றவர்தான். இன்றைக்கும் ஒரு பிரகாசமான கணிப்பை யாராவது கொண்டுவந்து நீட்டினால், இவர் நம்மிடம் எதை விற்கிறார் என்று பார்ப்பது நல்லது.

எங்கள் பக்கமும் சிப்பி யார் சொல்லையும் கேட்டதில்லை. 1928-க்குப் பிறகு 27 வருஷம் ஒன்றுமில்லை. பிறகு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து ஏழு வருஷம் சலாபம். 1961 கடைசியில் ஒரு நிபுணரைக் கூப்பிட்டு 1962-க்குக் கணிப்பு எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஏழு வருஷத் தரவு கையில் இருக்கிறதே, சும்மா விடுவாரா? தூத்துக்குடியில் அதற்குப் பிறகு இன்றுவரை முத்துச் சலாபம் நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள்; அருமையான சாதனை. அதுவும் ஊருக்குப் பெருந்தொழிலாக வளரவில்லை.

கப்பலிலும் இதே கதைதான். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். ஸ்கோடியா பிரின்ஸ் என்று பெயர். ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். வ.உ.சி. ஓட்டிய அதே தடம் என்று ஊரே நெஞ்சு நிமிர்ந்தது. கூட்டம் சேரவில்லை, நவம்பரில் நின்றுவிட்டது. வ.உ.சி. கம்பெனி தோற்றதற்காவது ஒரு எதிரி இருந்தான்: வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பார்கள். ஸ்கோடியா பிரின்ஸைத் தோற்கடித்தது காலி இருக்கைகள். சேதுசமுத்திரக் கால்வாயைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் தொடக்க விழா, 2,427 கோடி ரூபாய், 2008-இல் கப்பல் போகும் என்றார்கள். போகவில்லை. ராமர் பாலம் வழக்கை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலுக்குக் கால்வாயில் மிச்சமாகும் நேரம் சொற்பம், கட்டணம் கட்டி அந்த வழியில் வர மாட்டார்கள் என்று ஒரு பொருளாதார ஆய்வு அப்போதே எச்சரித்ததை மறந்துவிட்டோம்.

துறைமுகக் கணக்குக்கு வருகிறேன். 2011-இல் மத்திய கப்பல் அமைச்சகம் பத்து வருஷத் திட்ட ஆவணம் ஒன்று வெளியிட்டது. 2020-க்குள் இந்தியத் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 250 கோடி டன் சரக்கைக் கையாளும் என்றது. 2019-20 முடிந்தபோது கையாண்டது சுமார் 132 கோடி டன். அந்த நிதியாண்டு மார்ச்சில் முடிந்தது. கொரோனா மேல் பழி போட வழியில்லை. எங்கள் துறைமுகம் மட்டும் எடுத்துக்கொண்டால், 2016-17-இல் சுமார் 3.84 கோடி டன், 2018-19-இல் 3.43 கோடி, 2020-21-இல் 3.18 கோடி, 2023-24-இல் 4.14 கோடி. இதில் நேர்கோடு எங்கே இருக்கிறது? 2018 மே மாதம் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போய், ஆலை மூடப்பட்டதும், தாமிர ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா இறக்குமதி நாடானதும் எந்த மாடலில் இருந்தது? 2023 கடைசியில் செங்கடலில் ஏவுகணை விழுந்து, கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் எங்கள் பெட்டிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகப் போகின்றன என்று யார் சொன்னார்கள்?

கணித்தவர்கள் யாரும் இதற்காக வேலை இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இழப்பவர்கள் வேறு ஆட்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மழைக் காலத்தில் விலை ஏறும், அப்போது விற்கலாம் என்று உப்பளங்களில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து கடலுக்கே போனது. முதலாளிக்கு உப்பு போச்சு. பாத்தி வேலை செய்கிறவர்களுக்கு, பாத்தியைச் சரிசெய்து முடிக்கும்வரை கூலி போச்சு.

இங்கே நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக் கால மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தமிழக அரசு சில வருஷமாகக் கொடுக்கிறது. தொகை போதாது. ஆனால் அணுகுமுறை சரி. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு வாற முடியாது என்று சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்ததற்கு ஏற்பாடு செய்வதுதான் அரசின் முதல் வேலை. தெரியாததைத் தசமப் புள்ளியோடு சொல்வது அதற்கு அப்புறம்.

இப்போது ஊரில் மறுபடி பெரிய எண்கள் காற்றில் பறக்கின்றன. 7,000 கோடிக்கு மேல் செலவாகும் வெளித் துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. தலா 15,000 கோடியில் இரண்டு கப்பல் கட்டும் தளங்களுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். மின்சாரக் கார் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. எல்லாம் வரட்டும், வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். தம்பி மகன் வந்து, “பெரியப்பா, வெளித் துறைமுகம் வருதுல்லா, ரெண்டு டிரெய்லர் எடுத்துப் போடலாமா?” என்று கேட்டான். துறைமுகம் எவ்வளவு வளரும் என்று நான் சொல்லவில்லை. “இப்ப கிடைக்கிற லோடுல பாதிதான் கிடைச்சா, எத்தன மாசம் தவணை கட்டுவ?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒன்று எடுத்திருக்கிறான்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரியில் எந்த வங்கி, எந்த நிதியம், எந்த அமைச்சகம் கணிப்புத் தந்தாலும், அதே நிறுவனம் அதற்கு முந்தின வருஷம் என்ன சொன்னது, நடந்தது என்ன என்று பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். வெளித் துறைமுகத்துக்குப் போட்ட சரக்குக் கணிப்பையும் துறைமுக நிர்வாகம் வருஷாவருஷம் அப்படியே மக்கள் முன்னால் வைக்கட்டும். இரண்டு பத்தி இடம்தான் செலவாகும்.