தேடினால் கிடைக்காத கடைகள்

சென்ற மாதம் தாராவி 90 அடி ரோட்டில் நின்றுகொண்டு, கைப்பேசியில் இட்லிக் கடை எங்கே என்று தேடிப் பார்த்தோம். மாதுங்காவில் உள்ள ஓட்டல்கள் வந்தன. சயனில் உள்ளவை வந்தன. நாம் நின்ற இடத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளிலோ, விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, மும்பையின் மூலைமுடுக்கெல்லாம் சைக்கிளில் அனுப்பிவைக்கும் வீடுகள் எத்தனை எத்தனை! அவற்றில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. நகரத்துக்கே சோறு போடுகிறவன் நகரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை!

இது யார் குற்றம்? நம் குற்றமும் இதில் உண்டென்று ஒப்புக்கொள்வோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் ஊர்க்காரர் வாய்ச்சொல்லை நம்பியே வணிகம் செய்தார்கள். அது நம்மைக் காத்தது. நாலு சந்துக்குள் கட்டியும் வைத்தது. இன்று அந்தேரியில் ஒருவருக்கு விருந்துக்கு முறுக்கோ, அலுவலகத்துக்குத் தோல் பையோ தேவைப்பட்டால் அவர் கூகுளைத்தான் கேட்கிறார். அங்கே நம் பெயர் இல்லை. இடையில் ஒருவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டு ஆர்டரை வாங்கி, நம் தோழரிடமே பையைத் தைத்து வாங்கி, இரு மடங்குக்கு மேல் விற்றதை நாம் அறிவோம். தைத்த கைக்குக் கூலி. தேடலில் தெரிந்த பெயருக்கு லாபம்.

கூகுள் மேப்பில் கடையின் பெயரைச் சேர்க்க ஒரு காசும் வேண்டியதில்லை. கடையின் பெயர், தொழில், நேரம், தொலைபேசி எண், நாலு படங்கள் போதும். கடை உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்க்கப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பலகை, உள்ளே உள்ள கருவிகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். வீட்டிலேயே மாவரைத்தோ பலகாரம் செய்தோ வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாய்மார்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொடுப்போம் என்று மட்டும் குறிப்பிடலாம். தேடியதற்குப் பொருத்தமானதா, எவ்வளவு தொலைவு, எத்தனை பேர் அறிந்த கடை என்ற மூன்றையும் பார்த்தே வரிசை அமைகிறதென்று கூகுள் சொல்கிறது. பணம் கட்டுவது விளம்பரத்துக்கு. அது வேறு கணக்கு.

இதை அறியாததால்தான் நம் சகோதரிகள் சிலர் ஏமாந்தார்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை நீக்கிவிடுவோம்" என்று வந்த அழைப்பை நம்பிப் பணம் அனுப்பினார்கள். அப்படி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

தேடுகிற பக்கத்திலும் கண்ணி உண்டு. மேப்பில் காணும் எண்ணைத் திருத்த எவரும் யோசனை அனுப்பலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, வங்கிக் கிளைகளின் எண்களுக்குப் பதில் திருடர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைத்தார்கள். 2018இல் மராட்டியத்திலேயே இது வெளிப்பட்டது. வங்கியின் எண்ணைப் பாஸ்புக்கில் பாருங்கள், தேடலில் பார்க்காதீர்கள்.

"பெயர் போட்டால் அதிகாரி வருவானே" என்று தயங்குகிற அண்ணாச்சிகளும் இருக்கிறார்கள். அந்த அச்சம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் 2017ஆம் ஆண்டின் மராட்டியக் கடைகள் சட்டப்படி சில பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு கடை, குமாஸ்தாவுக்கு ஆன்லைனில் தகவல் கொடுத்தாலே போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேப்பில் பெயர் வந்துவிட்டதென்று பழைய மின்கட்டண ரசீதையும் வாடகைச் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். சீரமைப்புக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் கேட்பது காகிதத்தை. கூகுள் நட்சத்திரத்தை அல்ல.

ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் தராசில் நம் கடைத்தெருவை வைக்கலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2012இலேயே அந்தப் புகாரைக் கொண்டுபோனவர்களில் ஒன்று சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி நிறுவனம். மற்றொன்று ஜெய்ப்பூரின் நுகர்வோர் அமைப்பு. ஆறு ஆண்டு வழக்காட அவர்களுக்கு முடிந்தது. சந்துக்குள் முறுக்குச் சுடும் அக்காவுக்கு முடியுமா? வரிசை எப்படி அமைகிறதென்பதைச் சிறு கடைக்காரனுக்கும் அவன் மொழியில் விளக்கும் கடமையை அரசு இந்நிறுவனங்கள்மீது சுமத்த வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை ஒதுங்கியிருந்தால் இழப்பு கூகுளுக்கல்ல, நமக்குத்தான்.

ஞாயிறுதோறும் மாலை 5 மணி முதல் சங்க அலுவலகத்தில் நம் இளைஞர்கள் கட்டணமின்றிப் பதிவு செய்து தருவார்கள். கைப்பேசியும் கடையின் படங்களும் கொண்டு வாருங்கள். ஓடிபியை மட்டும் அவர்களிடமும் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள்.