நிலக்கரிச் சுரங்கம் யாருக்குச் சொந்தம்?



ஓமலூர் இரயில் சந்திப்பு வழியாகக் கரி ஏற்றிய சரக்கு இரயில்கள் மேட்டூருக்குச் செல்வது நமக்குப் பழகிப்போன காட்சி. ஒடிசா மாநிலம் தால்ச்சேர் வட்டாரத்தில் வெட்டப்படும் கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, நம் ஊர் வழியாக மேட்டூர் அனல் மின்நிலையத்தை அடைகிறது. உயர்ரக ஆந்த்ரசைட் கரி நம் நாட்டில் ஜம்மு காஷ்மீரைத் தவிர வேறெங்கும் சொல்லும்படி இல்லை. நமக்கு வருவது சாம்பல் மிகுந்த சாதாரணக் கரிதான். மேட்டூர்வாசிகளுக்கு அந்தச் சாம்பலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை!

இந்தக் கரி வெட்டப்படும் சுரங்கம் யாருடையது? "அரசாங்கத்துடையது" என்று உடனே பதில் வரும். அது பாதிப் பதில்தான்.

1971 முதல் 1973 வரை படிப்படியாக நாட்டின் பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எளிதில் கிடைக்கும் கரியை மட்டும் சுரண்டிவிட்டு, கூலியிலும் பாதுகாப்பிலும் மிச்சம் பிடித்த தனியார் முதலாளிகள் பலர் இருந்ததால், தொழிலாளர்கள் இம்மாற்றத்தை வரவேற்றனர். 1975 நவம்பரில் கோல் இந்தியா நிறுவனம் உருவானது. அடுத்த மாதமே, டிசம்பர் 27 அன்று, தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது கோல் இந்தியாவின் சுரங்கம் அல்ல. ஓர் இரும்பு ஆலைக்குச் சொந்தமானது. அந்த ஆலையின் நிர்வாகமும் அப்போது அரசிடம்தான் இருந்தது.

இளமையில் கல்குவாரியில் வேலை செய்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இந்த இடத்தைத் தொட்டுப் பேசுகிறார். உற்பத்திச் சாதனங்களைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்துவிட்டால் மட்டும் அவை மக்களுடையதாகிவிடாது என்பது அவர் கருத்து. உழைப்பவர், தன் உழைப்பின் காரணமாகவே, தானும் அதில் பங்குடையவர் என்று உணர முடிகிறதா என்பதே அவர் வைக்கும் உரைகல்.

அந்த உரைகல்லில் இன்றைய சுரங்கங்களை உரசிப் பார்ப்போம். ஜார்க்கண்ட் மாநிலம் கோட்டா மாவட்டத்தில் உள்ள லால்மாட்டியா திறந்தவெளிச் சுரங்கம், கோல் இந்தியாவின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆனால் 2016 டிசம்பர் 29 அன்று அங்கே மண்மேடு சரிந்தபோது, புதையுண்டு இறந்த 23 பேரும் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அதாவது, பெயர்ப்பலகை அரசுடையது, இயந்திரம் தனியாருடையது, உயிர் ஒப்பந்தக் கூலியுடையது. இன்று பல சுரங்கங்களில் மேல்மண்ணை அகற்றுவதும் கரி வெட்டுவதும் இப்படி ஒப்பந்தத்தில்தான் நடக்கின்றன. உரிமையாளர் ஒருவர், இயக்குபவர் வேறொருவர். விபத்து நேர்ந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். இறந்தவரின் மனைவி எந்த அலுவலக வாசலில் நிற்பார்?

உள்ளூர் மக்களே உரிமையாளராக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. மேகாலயாவில் நிலமும் அடியிலுள்ள கரியும் பழங்குடி மக்களுக்கே சொந்தம். அங்கே 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த எலிவளைச் சுரங்கங்கள் திருட்டுத்தனமாகத் தொடர்ந்தன. 2018 டிசம்பர் 13 அன்று க்சான் என்ற இடத்தில் ஆற்று நீர் புகுந்து 15 பேர் சிக்கினர். சாஸ்னாலா, லால்மாட்டியா, க்சான் மூன்றும் டிசம்பர் மாதத்தில். நாம் குடில் கட்டும் நாள்களில்.

நிலத்தின் உரிமை பற்றிய கேள்வியை விடாமல் கேட்டவர் நம் தமிழகத்து இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் வாழ்ந்த அவர், நிலத்துக்கு உரியவரே அதன் அடியிலுள்ள கனிமத்துக்கும் உரியவர் என்று 2013 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் கேரள நில வழக்கொன்றில் சொன்னதை எடுத்துக்காட்டி, ஆதிவாசிகளுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார். 2020 ஜூனில் தனியார் வணிகச் சுரங்கங்களுக்கான ஏலம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கைதான அவர், விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5 அன்று மரித்தார்.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடப்பது என்று நாம் ஒதுங்க முடியாது. அதே சுற்றுமடல் 'மறைமுக முதலாளி' என்றொரு சொல்லைத் தருகிறது. தொழிலாளியோடு நேரில் ஒப்பந்தம் செய்யாவிட்டாலும், அவருடைய கூலியையும் வேலை நிலையையும் முடிவு செய்வதில் பங்குள்ள எல்லா அமைப்புகளையும் அது குறிக்கும். மேட்டூருக்குக் கரி வாங்குகிறதே நம் மின்வாரியம், அது இந்த வரையறைக்குள் வராதா? மலிவான மின்சாரம் கேட்கும் நாம்?

நம் ஊருக்கும் சுரங்கம் புதிதல்ல. ஓமலூர் சாலையோர வெள்ளைக்கல் சுரங்கங்களில் ஒன்று, பர்ன் கம்பெனி கையிலிருந்து 1970-களில் அரசுக்கும், 2011-இல் செயில் நிறுவனத்துக்கும் மாறியது. மாநில அரசின் டான்மேக் 1979-இல் வந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் பத்திரத்தில் பெயர் மாறியது. குழியில் இறங்கியவர்கள் நம் பக்கத்துக் கிராமத்தினரே.

2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கங்கள் செலுத்தும் ராயல்டியோடு கூடுதலாக, பழைய குத்தகை என்றால் அதில் 30 விழுக்காடும், ஏலத்தில் பெற்றதென்றால் 10 விழுக்காடும், பாதிக்கப்பட்ட மக்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும். இது நிலக்கரிக்கும் உண்டு, வெள்ளைக்கல்லுக்கும் உண்டு. சேலம் மாவட்டத்தில் அந்தப் பணம் எந்தக் கிராமத்துக்கு, எதற்காகச் செலவானது? குழிகளுக்கு அருகே வாழும் நம் குடும்பங்களுக்கு அதில் என்ன கிடைத்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதைக் கேட்கலாம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே அந்த மனுவை எழுதிவிட முடியும்.