பனிமலைக்கு நாயோடு: கடன் வேண்டா, விடுப்பு வேண்டும்

வாகனக் கடன் கேட்டு வருவோரின் விருப்பங்கள் மாறி வருகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு கூடிய கேம்பர் வேன் வாங்க வங்கி எவ்வளவு கடன் தரும் என்ற கேள்வி, இப்போது பேத்தமங்களா போன்ற சிற்றூரின் கிளைக்கும் வந்து சேர்கிறது. கேட்பவர்களில் பணி ஓய்வை நெருங்குவோரே மிகுதி. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் எஞ்சியிருப்பது தம்பதியும் ஒரு நாயும். நாயை யாரிடமும் ஒப்படைக்காமல், அவசரமின்றி, பனி படர்ந்த இமயம் வரை ஒரு முறை போய்வர வேண்டும் என்பதே அவர்களின் ஆசை. ஆசையில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. கடன் கொடுப்பது என் தொழில்தான். ஆயினும் இந்த ஒரு காரியத்துக்குக் கடன் வாங்க வேண்டா என்றுதான் சொல்வேன். ஏன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. எடுத்துக்காட்டாக 15 லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை 31,138 ரூபாய் ஆகும். ஓராண்டுக்கு 3,73,656 ரூபாய். அந்த வண்டியில் ஆண்டுக்கு முப்பது நாட்கள் பயணம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பயணத்தின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 12,455 ரூபாய் தவணையாகவே போகிறது. டீசல், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். மீதி 335 நாட்கள் வண்டி வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும். தங்கவயல் வெயிலில் டயர்கள் வெடிப்பு விடும்; வண்டியின் மதிப்பும் ஆண்டுதோறும் இறங்கும்.

பழைய வேன் ஒன்றை வாங்கித் தெரிந்த பட்டறையில் படுக்கை அமைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தனிப்பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் நம் வாகனச் சட்டத்தில் ஏற்கப்பட்ட வகைதான். ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஏற்க மறுத்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் அறியாத மாற்றம் ஒன்று வண்டியில் இருக்குமானால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். மலைச்சாலையில் அந்தச் சிக்கல் யாருக்கும் வர வேண்டா.

சரி, பணத்தை எதில் செலவிடுவது? நாட்களில். பனிமலைப் பயணத்தில் நம்மைக் காப்பது வண்டியின் வசதியன்று. அங்கே நாம் கொடுக்கும் நாட்களின் எண்ணிக்கையே.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அடியில் பாறையின் வெப்பமும் காற்றின் அழுத்தமும் உடம்பை என்ன செய்தன என்பதை நம் தாத்தாக்கள் அறிவார்கள். அதே அளவு உயரத்தை மேல்நோக்கி எண்ணிப் பாருங்கள். ஸ்பித்தி பள்ளத்தாக்கின் தலைமையிடமான காசா ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது; லே நகரம் 3,500 மீட்டர். நாம் வாழும் தங்கவயல் பகுதியோ கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டர் அளவே. காசாவில் ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. இதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் தேவை. மருத்துவர்கள் சொல்லும் விதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் கூடினால் இறங்கிவிட வேண்டும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான சுற்றுலாத் திட்டங்களைப் பாருங்கள். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். அங்கிருந்து காலையில் கிளம்பி, 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து, இரவில் காசாவில் படுப்பது பலருடைய திட்டம். ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,600 மீட்டர் கூடிவிடுகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, லாகுல் மக்களுக்குக் குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பைத் தந்த பெரும் பேறு. சுற்றுலாப் பயணியின் பொறுமையை மட்டும் அது இன்னும் குறைத்துவிட்டது. இதற்கு மாறாகச் சிம்லா, கின்னவுர் வழியாகச் செல்லும் சாலை சட்லெஜ் ஆற்றோடு மெல்ல மெல்ல ஏறுகிறது. குன்சும் பனியால் மூடிக் கிடக்கும் மாதங்களிலும், வழியில் பனிச்சரிவோ மண்சரிவோ நேராவிட்டால், காசாவுக்கு இதுவே வழி. பனியைப் பார்க்க விரும்புவோர்க்கு நான் பரிந்துரைப்பதும் இதையே.

மார்ச் இறுதியில் வங்கியாளர் எவரும் ஊரைவிட்டு நகர முடியாது. ஆகவே நானும் என் மனைவியும், ஏரிக்கரையில் கிடைத்து எங்களோடு வளர்ந்த நாட்டு நாயான கறுப்பனும், ஆண்டுக் கணக்கு முடிந்து ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அந்த வழியே சென்றோம். வண்டி வாடகைக்கு எடுத்தது. சிம்லாவிலிருந்து காசா 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாங்கள் எடுத்துக்கொண்டது 12 நாட்கள். சராஹனில் இரண்டு இரவு தங்கினோம். கல்பாவில் மூன்று இரவு தங்க எண்ணியிருந்தோம். புதுப்பனி விழுந்த காலை கறுப்பன் வண்டியில் ஏற மறுத்து வாசலிலேயே படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. ஐந்து இரவாயிற்று. கி.பி. 996இல் நிறுவப்பட்ட மடாலயம் உள்ள தாபோவில், 3,280 மீட்டர் உயரத்தில், அவன் பாதி உணவை ஒதுக்கிவிட்டுப் படுத்தான். அப்போதுதான் தனக்கும் இரண்டு நாளாகத் தலைவலி என்று என் மனைவி சொன்னார். நாய் சாப்பிடாததைக் காணாவிட்டால் சொல்லியிருக்க மாட்டார். நான்கு இரவு தங்கினோம். மூன்றாம் நாள் இருவருக்கும் சரியாயிற்று.

நான் கண்டது இதுதான். மனிதர்கள் மலையில் தம் உடல்நிலையை மறைக்கிறார்கள். அடுத்த ஊரில் அறை பதிவாகியிருக்கிறது, பணம் கட்டியாகிவிட்டது, உடன் வருவோரின் மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று எண்ணி மாத்திரை விழுங்கிவிட்டு ஏறுகிறார்கள். நாய்க்கு முன்பதிவு தெரியாது. களைத்தால் படுக்கிறது, பசியில்லையென்றால் முகத்தைத் திருப்புகிறது. கேம்பர் வேனின் உண்மையான பயன் அதன் அடுப்பிலோ மெத்தையிலோ இல்லை. நாளைக்கு எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதில் இருக்கிறது. அந்தப் பயன் வாடகை வண்டியிலும் முழுமையாகக் கிடைக்கிறது.

நாயோடு இமயத்தில் மெல்லச் செல்வது புதிய நாகரிகமும் அன்று. தருமர் வடதிசை நோக்கிச் சென்ற இறுதிப் பயணத்தில் கடைசிவரை உடன் நடந்தது எது என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை. நம் காலத்திலும் இமாசலத்தின் சம்பா, காங்ரா பகுதிகளின் கத்தி இடையர்கள் (பெயர்தான், ஆயுதத்தோடு தொடர்பில்லை) கோடையில் தவுலதார் மலைகளைக் கடந்து லாகுல் வரை ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று, குளிருக்கு முன் தாழ்நிலத்துக்கு இறங்குகிறார்கள். மந்தையின் காவல் அவர்களுடைய நாய்களிடம். சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க முள் வைத்த இரும்புப் பட்டை அணிந்த நாய்கள் அவை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இந்த நாயைத் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. நம் இராசபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகத்தின் முதோளும் அதே பட்டியலில் உள்ளவை. ஆட்டின் நடையே இவர்களுடைய பயணத்தின் வேகம்.

நம் சமவெளி நாய் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குட்டை மயிர் நாய்க்குக் கம்பளி மேலாடை தேவை. விரல்களுக்கிடையே பனி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டு செல்லாதிருப்பதே நன்று. வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பு நீர்மம் இனிப்பாக இருக்கும். தரையில் சிந்தியதைச் சிறிதளவு நக்கினாலும் நாயின் சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். பெரிய ஊர்களை விட்டால் கால்நடை மருத்துவர் கிடைப்பது அரிது.

இன்னொன்று, நம் நாயால் பிறருக்கு வரும் தீங்கு. லடாக்கிலும் ஸ்பித்தியிலும் தெருநாய்ப் பெருக்கம் பெரும் சிக்கலாகியிருக்கிறது. முகாம்களும் பயணிகளும் விட்டுச்செல்லும் உணவுக் கழிவு அதற்கொரு காரணம். அந்த நாய்கள் ஊராரின் ஆடுகளைக் கொல்கின்றன. சாங்தாங்கில் தரையில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. ஆகவே வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றில்லாமல் நாயைக் கொண்டு செல்வதும், அங்கே சங்கிலியை அவிழ்த்து விடுவதும் பொறுப்பற்ற செயல்கள். ஓடையில் வண்டியைக் கழுவுவதும் அப்படியே. பனி உருகி வரும் சிறு கால்வாய்தான் அங்கே வயலுக்கு நீர். ஏரி வற்றுவதையும் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டுவதையும் பார்த்த கோலார் மாவட்டத்தார்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சில. கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் உறையும். மைனஸ் 33 பாகை வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 முதல் லடாக்கில் விற்கிறது. மூடிய வண்டிக்குள் அடுப்போ கரியோ எரித்துக்கொண்டு ஒருபோதும் உறங்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; உறக்கத்திலேயே உயிர் போகும். கணவாய் மூடியிருந்தால் எல்லைச் சாலை அமைப்பு திறக்கும்வரை காத்திருங்கள். அவ்வமைப்பிடம் உள்ள இயந்திரங்களில் நம் தங்கவயல் பி.இ.எம்.எல். தொழிற்சாலைக்குப் பெயர் தந்த புல்டோசர்களும் உண்டு என்பது காத்திருக்கும் நேரத்தில் நமக்கு ஒரு சிறு பெருமை.

என் துறைக்கு வருகிறேன். லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும் பிற மாநிலத்தின் ப்ரீபெய்டு கைபேசி இணைப்பு இயங்காது. போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும். கைபேசி இயங்காவிட்டால் ஒரு முறைக் கடவுச்சொல் வராது. யுபிஐ, இணையவழிக் கட்டணம் இரண்டும் நின்றுவிடும். கணக்கில் லட்சக்கணக்கில் பணம் இருந்தும் டீசலுக்கு வழியில்லாமல் நிற்க நேரும். புறப்படுமுன் வங்கியில் பதிவான எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பித்தியில் அலைவரிசையும் மின்சாரமும் சேர்ந்து போகும் நாட்களில் ஏடிஎம்மும் வேலை செய்யாது. ஒரு வாரச் செலவுக்கான ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து வைத்திருப்பது நலம். வாடகை வண்டியின் எண் பலகை, தாமே ஓட்டும் வாடகை வண்டிகளுக்குரிய கறுப்பு நிறப் பலகையா என்று பார்த்து வாங்குங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர்மலை மீட்புச் செலவு அடங்குமா என்றும் வாசித்துப் பாருங்கள்.

இனி நாட்களின் கணக்கு. பேத்தமங்களாவிலிருந்து சிம்லா 2,500 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 250 கிலோமீட்டர் என்று மெல்லச் சென்றால் போகப் பத்து நாள், வரப் பத்து நாள் சாலையிலேயே கழியும். அதைவிட, ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியின் இருவர் அறையை முழுமையாகப் பதிவு செய்தால் நாயையும் உடன் அழைத்துச் செல்லலாம். வண்டியை மலையடிவாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் மலைக்கு மூன்று வாரம் வேண்டும். பணியில் இருப்போர்க்கு அதுதான் கடினம். முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்க்கு ஆண்டுக்குப் பத்து வேலை நாட்களாவது தொடர்ந்து கட்டாய விடுப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அது முன்னறிவிப்பின்றித்தான் தரப்படும். ஆகவே அதை நம்பி எங்களால் ரயில் பதிவு செய்ய முடியாது! ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்துத்தான் நானும் போனேன்.

பணத்துக்குத் தொடர் வைப்புக் கணக்கு போதும். மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள், 6.5 விழுக்காடு வட்டியில் போட்டுவந்தால் ஏறத்தாழ 1,28,000 ரூபாய் சேரும். பயணத்தின் பெரும்பகுதிச் செலவுக்கு அது கைகொடுக்கும். கேம்பர் வேன் கடனுக்கு வருவோரிடம் அந்தப் படிவத்தைத்தான் இப்போது முதலில் எடுத்துக் கொடுக்கிறேன்.