பணியோடு ஒரு படிப்பு

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்த மகள், ஊரிலுள்ள பல் மருத்துவ நிலையத்தில் பயிற்சிச் செவிலியாகச் சேர விரும்பினால், "கல்லூரி காணாத படிப்பும் ஒரு படிப்பா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு.

அங்கே அவள் ஊதியம் பெற்றுக்கொண்டே கற்கிறாள். சிகிச்சையின்போது வாயில் ஊறும் நீரை உறிஞ்சு குழாயால் அகற்றவும், மருத்துவர் சொல்லச் சொல்லப் பற்களின் நிலையைக் குறிக்கவும் பழகுகிறாள். கருவிகளைக் கழுவிச் சோதித்து, 134 பாகை செல்சியஸ் நீராவியில் குறைந்தது 3 நிமிடங்கள் வைத்துத் தூய்மையாக்குகிறாள். இதில் அலட்சியம் காட்டினால், ஒருவரின் நோய் மற்றவரைப் பற்றிவிடும்.

தகுதி பெற்றபின் பொதுப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தல் 2008 முதல் கட்டாயம். ஆகவே, அம்மன்றம் ஏற்கும் பயிற்சிதானா என்பதைச் சேருமுன் கேட்டறியுங்கள். வீணான காலம் மீளாது. பிறர் வலி தணிக்கும் கல்வியோ ஒருபோதும் தாழ்ந்ததன்று.